சாவி வைத்திருந்தவன்

கதவு என்றதும் நம் எழுத்தாளர்களுக்கு ஞாபகம் வருவது காஃப்காவின் கதவுதான். சட்டத்தின் முன்னால் உள்ள அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. காவலன் நிற்கிறான். கிராமத்திலிருந்து வந்தவன் உள்ளே போக அனுமதி கேட்டு, வெளியே உட்கார்ந்தே கிழவனாகிச் செத்துப்போகிறான். 1915இல் வெளிவந்த இந்தச் சிறிய கதையை வைத்துக்கொண்டு அந்நியமாதல், இருத்தல், அபத்தம் என்று நம் சிறுபத்திரிகைகளில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அதில் என் பங்கும் உண்டு. ஆனால் இதே காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு பொருத்தினால் தொழிலாளியின் விரல்கள் தப்பும் என்று படங்களோடு அறிக்கை எழுதியவர். இதை ஒரு சுவாரஸ்யமான வாழ்க்கைக் குறிப்பு என்பதற்கு மேல் நாம் மதித்ததில்லை. உத்தியோகம் வயிற்றுக்கு, எழுத்து ஆன்மாவுக்கு என்ற பாகப்பிரிவினை நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. நானும் வங்கிக் குமாஸ்தா என்பதால் இந்தச் சௌகரியத்தை நன்றாகவே அறிவேன்.

இங்கே நான் எழுத நினைப்பது இரண்டாவது காஃப்காவுக்கு உரிய கதவைப் பற்றி. அலுவலக மாடிகளில் லிஃப்டை விட்டு இறங்கியதும் எதிர்ப்படுகிற, கார்டு காட்டினால் மட்டும் திறக்கிற கண்ணாடிக் கதவைப் பற்றி.

ஒரு நாள் மாலை, வங்கி வேலையாக ஒரு கம்பெனியின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஏழாவது மாடி. கையெழுத்துகள் வாங்கி முடிக்க ஏழரை மணி ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவைத் தாண்டி லிஃப்டின் முன்னால் வந்து நின்றேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டு ‘கிளிக்’ என்றது. மின்சாரம் ஒரு முறை போய் வந்தது. அதற்குப் பிறகு லிஃப்ட் வரவில்லை. மாடிப்படியைத் தேடினேன். எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால், நீண்ட ஹாலின் கோடியில், பச்சை வெளிச்சத்தில் படிக்கட்டின் பலகை தெரிந்தது. தெரிந்ததே தவிர போக முடியாது. அந்தக் கதவிலும் சிவப்புப் புள்ளி. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் அந்த இடத்தில் என்னோடு இன்னொருவரும் இருந்தார். தரை துடைக்கிற அம்மாள். பக்கத்தில் வாளி.

“சாருக்குக் கார்டு இல்லியா?”

“இல்லைம்மா. உங்ககிட்ட?”

“எங்களுக்கெல்லாம் யாரு சார் குடுக்கறாங்க. இருங்க, யாராச்சும் வருவாங்க.”

சுவரில் ஒரு போன் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். எங்கோ கீழே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அவருக்கு இது பழக்கம் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இருபத்தைந்து நிமிஷம் கழித்து, ஏதோ மறந்துவிட்டு எடுக்கப்போன ஒரு பையன் உள்ளேயிருந்து வெளியே வந்தான், கதவு திறந்தது. அவ்வளவுதான் சம்பவம். புகை இல்லை, தீ இல்லை. அவமானம் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதுவும் எனக்குத்தான்.

விதிப் புத்தகம் படிப்பது வங்கிக்காரனின் வியாதி. அந்த வியாதியில் நான் தேடிப் படித்தபோது தெரிந்தது, நான் நின்ற அந்தப் பத்தடி இடத்தைப் பற்றிக் கட்டிட விதிகளை எழுதுகிறவர்கள் வெகு தீவிரமாக விவாதித்திருக்கிறார்கள் என்பது. இந்திய தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: வெளியேறும் கதவு, வெளியேற வேண்டியவர் நிற்கும் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். அமெரிக்க விதிகளில் லிஃப்ட் லாபிக்குத் தனியிடமே உண்டு. பிரச்னை எளிமையானது. தீ எச்சரிக்கை ஒலித்தால் லிஃப்டுகள் தாமாகக் கீழே இறங்கிப் போய் நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்போது மாடி லாபியில் நிற்பவனுக்கு லிஃப்ட் கிடையாது. படிக்கட்டோ வாடகைக்கு எடுத்தவரின் பூட்டிய அலுவலகத்துக்குள் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு லாபியிலிருந்தும் பூட்டிய கதவு எதையும் தாண்டாமல் ஒரு படிக்கட்டுக்காவது வழி இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஆனால் ஒரு தளம் முழுவதையும் ஒரே கம்பெனி எடுத்துக்கொள்ளும்போது, லிஃப்டில் வருகிற எவனும் நேரே உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று அது நினைக்கிறது. அதுவும் நியாயம்தான். மேஜை மேல் பொருள் இருக்கிறது; தனியாக ராத்திரி வேலை செய்கிற பெண் இருக்கிறாள். ஒரே கதவின் மேல் இரண்டு நியாயங்கள் உரிமை கொண்டாடுகின்றன. எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எங்கே எழுதப்பட்டது என்று பார்த்தால் 1911 மார்ச் 25, நியூயார்க். சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை பத்து மாடிக் கட்டிடத்தின் மேல் மூன்று தளங்களில் இருந்தது. எட்டாவது தளத்தில் தீப்பிடித்தது. ஒன்பதாவது தளத்தில் தையல் இயந்திரங்களின் முன்னாலிருந்த பெண்கள் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே கதவு பூட்டியிருந்தது. துணித்துண்டைக் கைப்பையில் வைத்துக் கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில், எல்லாரும் ஒரே வழியாகப் பையைத் திறந்துகாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. லிஃப்ட் ஓட்டிகள் முடிந்தவரை ஏறி இறங்கி ஆட்களைக் காப்பாற்றினார்கள். பிறகு லிஃப்டும் நின்றது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள்.

இதில் இன்னொரு விவரம் உண்டு. எட்டாவது தளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் பத்தாவது தளத்துக்குப் போன் செய்து எச்சரித்தாள். முதலாளிகள் இருந்தது அங்கேதான். அவர்கள் மொட்டை மாடி வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது தளத்துக்குப் போன் போக வேண்டுமானால் பத்தாவது தளத்தின் இணைப்புப் பலகை வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பலகையின் முன் இருந்தவள் எழுந்து போய்விட்டாள். எச்சரிக்கை ஒன்பதாவது தளத்தைச் சேரவே இல்லை. எழுந்து போனவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிருக்குப் பயந்துதான் ஓடினாள்.

முதலாளிகள் இருவர், பிளாங்க், ஹாரிஸ். அந்த டிசம்பரில் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது இவர்களுக்குத் தெரியும் என்பதும் சந்தேகமற நிரூபணமாக வேண்டும் என்று ஜூரர்களிடம் நீதிபதி சொன்னார். ஜூரர்கள் இருவரையும் விடுதலை செய்தார்கள். 1914இல் சிவில் வழக்குகள் உயிருக்கு 75 டாலர் வீதம் முடித்துக்கொள்ளப்பட்டன. இடையில் 1913இல் பிளாங்க் தன் வேறொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்காகப் பிடிபட்டு 20 டாலர் அபராதம் கட்டினார். நாவலில் இப்படி எழுதினால் மிகை என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம்.

அதே 1913இல் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் வேலை 1927இல் வெளியேற்ற விதிகளாக வந்து, 1966இல் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு என்று பெயர் மாறி, இன்றும் திருத்தி வெளியிடப்படுகிறது. நீதிமன்றம் கேட்ட கேள்வியை இந்தப் புத்தகம் கேட்பதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அவனுக்குத் தெரியுமா, அவன் நினைத்தானா, அவன் நல்லவனா என்ற விசாரணை இதில் கிடையாது. கதவு திறக்கிறதா? எந்தப் பக்கத்திலிருந்து? எத்தனை அசைவில்? இவ்வளவுதான். நீதியுணர்ச்சி என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது எப்போதும் மனத்துக்குள் புகுந்து தேடுகிறது. இலக்கியமும் அதைத்தான் செய்கிறது. விதித்தொகுப்போ மனத்தை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறது. வறட்டுத்தனமானது என்று நாம் ஒதுக்குகிற அந்த மொழியில் 146 பேர் பெயரில்லாமல் இருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டே வந்தவன் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அடுத்தது என் விஷயம்.

வங்கியில் ஹெட் காஷியர் வேலை பார்த்தவர்களுக்குச் சாவியின் இலக்கணம் தெரியும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி; இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறந்துவிடக் கூடாது. எந்தத் தனி மனிதனையும் நம்பாதே என்பதுதான் இதன் தத்துவம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. வாசலில் இரும்பு மடக்குக் கதவு. பாதி திறந்து, நடுவே சங்கிலி போட்டிருப்போம். வருகிறவன் குனிந்துதான் வர வேண்டும். பணத்துக்குக் கதவு செய்கிறவர்கள் திருடனை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். வெளியே போக வேண்டிய மனிதனை மனத்தில் வைத்துச் செய்த கதவு ஒன்றை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் 31. வருஷக் கணக்கு முடிக்கும் இரவு. முதல் மாடியிலிருந்த ஒரு பழைய கிளை, ஒரே படிக்கட்டு. உள்ளே ஆறு பேர். மேனேஜர் கேட் சாவியையும் என்னிடமே கொடுத்திருந்தார். ஒன்பது மணி சுமாருக்குக் கவிஞரான நண்பர் ஒருவர் வந்தார். டீ சாப்பிட்டு வரலாமென்று இறங்கினோம். வெளியே வந்து மடக்குக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் பூட்டினேன்? உள்ளே பணம் இருந்தது, தெரு இருட்டாயிருந்தது. கை தானாகப் பூட்டியது. டீக்கடையில் நண்பரின் புதிய கவிதையைப் பற்றி, அதில் தேவையில்லாத ஒரு சொல்லைப் பற்றி, நாற்பது நிமிஷம் பேசினோம். நல்ல பேச்சு என்றே ஞாபகம்.

திரும்பி வந்தபோது உடன் வேலை பார்க்கும் பெண்மணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பிகளைப் பிடித்தபடி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார்.

“எங்க சார் போயிட்டீங்க? குழந்தைக்கு ஜுரம்னு வீட்லேர்ந்து போன் வந்து அரை மணி ஆச்சு. உங்களுக்குப் பண்ணினா, உங்க போன் உங்க மேஜையிலேயே அடிக்குது.”

பூட்டைத் திறந்தேன். அவர் படியிறங்கி ஓடினார். குழந்தைக்குச் சாதாரண ஜுரம்தான். மறுநாள் அவரே மறந்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

இந்த ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை எங்கே வைப்பது? தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976இல் இதைத் தார்மீக அதிர்ஷ்டம் என்ற பெயரில் எடுத்துக்கொண்டு வாதித்தார்கள். கவனக்குறைவாக வண்டி ஓட்டிய இருவரில் ஒருவன் முன்னால் குழந்தை ஓடிவருகிறது, மற்றவன் முன்னால் வரவில்லை. செய்த காரியம் ஒன்றேதான். ஒருவன் கொலைகாரன், மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். பிளாங்குக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அவருக்கு லாபம் குறிக்கோள், எனக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் தொழிலாளிகளைத் திருடர்கள் என்று நினைத்தார், நான் நினைக்கவில்லை என்றும் சொல்லலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் உள்ளே நிற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூட்டு. அந்தப் பழைய மின்கம்பிகளில் ஒன்று அன்று உருகியிருந்தால், என்னைப் பற்றி என்ன கேட்டிருப்பார்கள்? கேட் பூட்டியிருந்தது உனக்குத் தெரியுமா? தெரியும். சாவி உன் பையிலேயே இருந்தது. ஆனால் அது என் நினைப்பில் இல்லை. தெரிந்திருப்பதற்கும் நினைப்பில் இருப்பதற்கும் நடுவே நாற்பது நிமிஷ இலக்கியப் பேச்சு இருந்தது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். விதியைக் கட்டிக்கொண்டு அழுவது மனசாட்சி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதானே என்றார். பூட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருக்கிற மனிதன் ஏற்கனவே செத்தவன் என்பது அவர் கட்சி. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் என் மனசாட்சி அன்று தோற்கவில்லை; டீ சாப்பிடப் போயிருந்தது. நல்ல மனிதர்களின் மனசாட்சி இப்படி அடிக்கடி எழுந்து போகும். மனசாட்சி வெளியே போன நேரத்தில் கதவு என்ன செய்யும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதை நான் விதி என்கிறேன். இதில் மனிதனைக் குறைத்துப் பேசுவது எதுவும் இல்லை. மனிதனைத் தெரிந்துவைத்திருப்பது மட்டுமே இருக்கிறது.

ஆனால் விதியையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. 2003 அக்டோபரில் சிகாகோவில் அரசு அலுவலகங்கள் இருந்த 35 மாடிக் கட்டிடத்தில் பன்னிரண்டாவது தளத்தில் தீப்பிடித்தது. ஊழியர்கள் முறைப்படி படிக்கட்டில் இறங்கினார்கள். இறங்கும் வழியில் புகை சூழ்ந்தது. படிக்கட்டுக் கதவுகள் உள்ளேயிருந்து படிக்கு வரத் திறக்கும். படியிலிருந்து உள்ளே போகத் திறக்காது. பாதுகாப்புக்காகத்தான். ஆறு பேர் படிக்கட்டிலேயே செத்தார்கள். வெளியேறும் வழிக்குள் நுழைந்த பிறகு அதுவே சிறையாகும் என்பதை யாரோ யோசிக்க மறந்திருக்கிறார்கள். மறதிக்கு மாற்றாக வந்த விதிக்கும் மறதி உண்டு. அதனால்தான் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

லிஃப்ட் லாபிக்குத் திரும்புகிறேன். 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த விதித்தொகுப்பு ஒரு சமரசத்துக்கு வந்தது. லாபிக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம்; ஆனால் நிபந்தனைகள் உண்டு. கட்டிடம் முழுக்கத் தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும். லாபியில் புகையுணர் கருவி வேண்டும். கருவி புகையை உணர்ந்தால் பூட்டு தானே விடுபட வேண்டும். மின்சாரம் போனாலும் விடுபட வேண்டும். எச்சரிக்கையை ஒரு மனிதர் வந்து நிறுத்திச் சரிசெய்யும்வரை மறுபடி பூட்டிக்கொள்ளக் கூடாது. இவற்றில் ஒன்று விசித்திரமானது. கையால் இழுக்கும் தீ எச்சரிக்கைப் பெட்டியை இழுத்தால் பூட்டு திறந்தாக வேண்டும் என்று விதி கேட்கவில்லை. திருடனும் அதை இழுக்கலாம் அல்லவா? புகையைப் பற்றிக் கருவி சொன்னால் போதும். மனிதன் சொல்வதை மட்டும் வைத்துத் திறக்க வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கசந்தது.

அப்படியானால் தீ இல்லாமல் வேறு காரணத்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவன், நெஞ்சு வலிக்கிறவன், யாருக்கோ பயந்து ஓடிவந்தவள், என்ன செய்வது? கடைசி நிபந்தனைகள் அதற்குத்தான். லாபியில் இருவழிப் பேசுகருவி ஒன்று இருக்க வேண்டும். மறுமுனையில் எந்நேரமும் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் உதவி செய்யப் பயிற்சி பெற்றவராகவும், உதவி செய்யும் திறன் உள்ளவராகவும், உதவி செய்ய அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஒரு மனிதனையும் நம்பாமல் கருவி மேல் கருவியாக அடுக்கிக்கொண்டே போன விதி, கடைசியில் போனை எடுக்கப்போகிற ஒரு முகமறியாத ஆளிடம் வந்து நிற்கிறது. 1911இல் இணைப்புப் பலகையை விட்டு எழுந்து போனாளே, அவளுடைய நாற்காலிக்கு. என் மேஜையில் அடித்துக்கொண்டிருந்த என் போனுக்கு. நான் நின்ற ஏழாவது மாடியில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதை நிரப்ப விதியால் முடியாது. இருக்க வேண்டும் என்று எழுத மட்டும் முடியும்.

திருமறைக்காட்டுக் கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோவில் கதவு. ஜனங்கள் பக்கத்தில் வேறு வழி வைத்துக்கொண்டு போய்வந்தார்கள். அப்பர் பாடித் திறந்தார். அதற்கு ஒரு பதிகம் வேண்டியிருந்தது. மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது. அப்பருக்கு அதில் வருத்தம் இருந்தது என்று புராணம் சொல்கிறது. பக்தர்கள் இதற்கு என்ன பொருள் சொன்னாலும் சரி, எனக்கு இது கதவுகளைப் பற்றிய நேரான உண்மையாகவே படுகிறது. மூடுவதற்குக் கை போதும். திறப்பதற்கு மூடியவனுடைய முழு மனமும் வேண்டியிருக்கிறது. அதுவும் தாமதமாகத்தான் வருகிறது.

இந்த மார்ச் 31 அன்றும் நான்தான் சாவி வைத்திருந்தேன். வேறு கிளை, வேறு படிக்கட்டு. ஆனால் அதே பெண்மணி, மாற்றலாகி இங்கே வந்திருக்கிறார். டீக்குக் கிளம்பும்போது சாவியை அவர் மேஜையில் வைத்தேன். “இருங்க சார், நான் உள்ளேயிருந்து பூட்டிக்கறேன்” என்று எழுந்து வந்தார். சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிற விதிப்படி இதுவும் தவறுதான். அந்தக் கேட்டை மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. டீக்கடையில் அன்று நான் அதிக நேரம் உட்காரவில்லை.